திரையில் '0' என்றால் வாயு இல்லையா, தகவல் இல்லையா?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை. கணினித் திரையில் 'ஹைட்ரஜன் சல்ஃபைடு: 0 பிபிஎம்' என்று பச்சையாகத் தெரிகிறது. பம்ப் அறைக்குள் ஆளை அனுப்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த 0 எங்கிருந்து வந்தது?

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் வாயுவும் போய்விட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். அதனால்தான் கருவியை நம்புகிறோம். ஆனால் கருவிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வயர் இருக்கிறதே! அதில் தகவல் பிட் பிட்டாக, வரிசையில் போகிறது. இதுதான் சீரியல் கம்யூனிகேஷன். சில சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், இது புரிந்துவிடும்.

பாட் ரேட்: பேசும் வேகம். 9600 என்றால் நொடிக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்கு 8 டேட்டா பிட், முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட் என மொத்தம் 10. ஆக, நொடிக்கு 960 பைட். இரு பக்கமும் வேகம் ஒன்றாக இல்லையென்றால் வருவது வெறும் குப்பைதான்.

பாரிட்டி: பிழை பார்க்கும் கூடுதல் பிட். ஒரு பிட் மாறினால் பிடித்துவிடும். இரண்டு மாறினால் கோட்டைவிடும். அதனால்தான் மோட்பஸ் ஆர்டியூவில் சிஆர்சி என்ற இன்னொரு சோதனையும் உண்டு.

ஆர்எஸ்-232, ஆர்எஸ்-485: முன்னது ஒரு கணினிக்கு ஒரு கருவி, சுமார் 15 மீட்டர் வரை. பின்னது ஒரே ஜோடி வயரில் பல கருவிகள், சுமார் 1200 மீட்டர் வரை.

மோட்பஸ்: 1979-ல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த உரையாடல் முறை. வயர் ரோடு என்றால், மோட்பஸ் அதில் நடக்கும் பேச்சு. கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும். ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247-க்குள் ஒரு முகவரி. இரண்டு கருவிக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், எதுவும் புரியாது.

டைம்அவுட்: குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராதது. சிக்கலே இங்கேதான். வயர் அறுந்தால் சில மென்பொருள்கள் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சில 0 என்று காட்டும். இரண்டுமே ஆபத்து.

பழைய 4-20 மில்லிஆம்பியர் முறையைப் பாருங்கள். அதில் பூஜ்ஜிய வாயுவுக்கு 4 மில்லிஆம்பியர். வயர் அறுந்தால் மின்னோட்டம் 0. 'வாயு இல்லை' வேறு, 'தகவல் இல்லை' வேறு என்பது அங்கே தானாகவே தெரிந்துவிடும். அந்த அறிவு இன்றைய டாஷ்போர்டில் காணாமல் போகலாமா?

டாஷ்போர்டு எழுதும் ஐடி நண்பர்களே, பதில் வரவில்லையென்றால் எண்ணை எடுத்துவிட்டு 'தகவல் இல்லை' என்று போடுங்கள், அலாரமும் அடிக்கட்டும். கடைசி அளவு எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் காட்டுங்கள். "சும்மா சும்மா அலாரம் அடிக்குமே சார்" என்பார்கள். அப்படியென்றால் வயரைச் சரிசெய்ய வேண்டும், அலாரத்தை அல்ல.

ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை போதும். கேபிளைப் பிடுங்குங்கள். அப்போதும் திரை பச்சையாகவே இருந்தால், அந்த சிஸ்டத்தை நம்பி யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.