உழவா, மென்பொருளா: கேள்வி யாருக்கானது?

மென்பொருள் நிறுவனங்களின் ஆட்குறைப்புச் செய்திகள் அடுத்தடுத்து வெளிவரும் வேளையில், ‘கணினி வேலையைவிட விவசாயமே மேல்’ என்னும் அறிவுரை இளைஞர்களுக்கு வழங்கப்படுகிறது. பெருநகர வேலையை உதறிவிட்டு, நிலம் வாங்கி, இயற்கை வேளாண்மையில் வென்றவர்களின் கதைகள் ஏடுகளில் இடம்பெறுகின்றன. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆயின், நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது, விளைச்சல் பொய்த்த ஆண்டில் குடும்பம் எதைக்கொண்டு வாழ்ந்தது என்னும் வினாக்களுக்கு அக்கதைகளில் விடை இருப்பதில்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இந்த வினாக்கள் கூர்மை பெறுகின்றன. ஒருபுறம் தென்னந்தோப்புகளும் கரிசல் நிலமும். வேலந்தாவளத்தைக் கடந்தால் கோவையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள். பட்டம் பெறும் தமிழ்ப் பிள்ளைகளின் முன் இரு பாதைகளும் திறந்திருப்பதுபோல் தோன்றுகின்றன. உண்மை வேறு.

முதலில் உழவை எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த இப்பகுதியின் பாசனம் பரம்பிக்குளம்–ஆளியாறு திட்டத்தை நம்பியுள்ளது. 1970 மே 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் சித்தூர்ப் பகுதிக்குக் கிடைக்க வேண்டும். நீர் உரிய காலத்தில் வராவிடில் பயிர் வாடுகிறது. நிலத்தடி நீரின் கதையைப் பக்கத்துப் பிளாச்சிமடை உலகுக்கே எடுத்துரைத்தது. 2002 ஏப்ரலில் பழங்குடி மக்கள் முன்னின்று தொடங்கிய போராட்டமே, 2004 மார்ச்சில் கோகோ கோலா ஆலையின் இயக்கத்தை நிறுத்தியது. நீருக்கு உறுதியில்லாத இடத்தில் உழவை ‘எதிர்காலமுள்ள தொழில்’ என்பது வெறும் சொல்லலங்காரம்.

அடுத்தது விலை. 2023-24இல் கேரளத்தில் நெல்லின் கொள்முதல் விலை கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு. மறு ஆண்டு ஒன்றிய அரசின் ஆதரவு விலை 1 ரூபாய் 17 காசு உயர்ந்தது; மாநிலத்தின் ஊக்கத்தொகை அதே அளவு குறைக்கப்பட்டது; உழவர் கைக்கு வந்தது அதே 28 ரூபாய் 20 காசு. மாநிலங்களின் நிதியை ஒன்றிய அரசு நெரிப்பது உண்மையே. எனினும், அந்தச் சுமை உழவர் தலையில் இறங்குவதை இடதுசாரிகள் நியாயப்படுத்த முடியாது.

2018-19ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் சாகுபடியால் கிடைத்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளத்தால் கிடைத்தது 4,063 ரூபாய். அதாவது, உழவர் எனப்படுபவர் நிலத்தைவிடக் கூலியால்தான் அதிகம் ஈட்டுகிறார். பாதிக் குடும்பங்கள் கடனில் உள்ளன.

நிலமே இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்வும் இல்லை. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகையாளரை உடைமையாளராக்கியது. அது வரலாற்றுச் சாதனை. ஆனால் விவசாயத் தொழிலாளர்க்குப் பெரும்பாலும் கிடைத்தது குடிகிடப்பு மனை மட்டுமே. சித்தூர் வட்டத்துத் தலித் குடும்பங்களின் பிள்ளைகளிடமும் எரவாளர் பழங்குடிப் பிள்ளைகளிடமும் ‘விவசாயத்துக்குத் திரும்பு’ என்றால், எந்த நிலத்துக்கு என்று அவர்கள் கேட்பார்கள்.

மென்பொருள் துறை மட்டும் சொர்க்கமா? 2023இல் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் தருவதாகச் சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வருமாறு கேட்டது. 2024இல் காக்னிசன்ட், பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு அறிவித்த ஆண்டுச் சம்பளம் 2.52 லட்சம், மாதம் 21,000 ரூபாய். கேரள விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 2022-23இலேயே 764 ரூபாய். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் அது 19,100 ரூபாயாகும். அத்தனை நாள் வேலை கிடைப்பதில்லை என்பதே கூலித் தொழிலாளியின் துயரம். 2025 ஜூலையில் டிசிஎஸ் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து அளித்துவந்த விலக்கைக் கர்நாடக அரசு 2024இல் நீட்டித்தது.

கேரளத்தின் கூலி நாட்டிலேயே மிக உயர்ந்த நிலையில் இருப்பது நிலவுடைமையாளரின் கருணையால் அன்று; தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சங்கம் நடத்திய போராட்டத்தால். கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞருக்கும் இதுவே பாடம்.

நாட்டின் உழைப்பாளர்களில் வேளாண்மையில் இருப்போர் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடு, 2023-24இல் 46.1 விழுக்காடு. இவர்கள் நல்வாழ்வு தேடி வயலுக்கு வந்தவர்கள் அல்லர். வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள். வேலையின்மையை ‘மண்ணுக்குத் திரும்புதல்’ என்று அழகுபடுத்துவது ஆளுவோருக்கு வசதியானது.

எனவே, இரண்டில் எது மேல் என்று இளைஞரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, இரண்டையும் வாழத்தக்க தொழிலாக்கக் கோருவதே முறை. உற்பத்திச் செலவுடன் 50 விழுக்காடு சேர்த்த, சட்ட உத்தரவாதமுள்ள கொள்முதல் விலை வேண்டும். கொள்முதல் பணம் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும். இரு மாநில உழவர்களையும் மோதவிடாத ஆற்றுநீர்ப் பங்கீடு வேண்டும். நிலமற்றோர்க்கு நிலம் வேண்டும். மென்பொருள் ஊழியர்க்குச் சங்க உரிமையும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் வயலில் நிற்கும் தாயும், கோவைக்குப் பேருந்தேறும் மகளும் ஒரே குடும்பத்தினர்; அவர்களின் கோரிக்கைகளும் ஒரே இயக்கத்தில் இணைய வேண்டும்.