அறைக்கு முன் கரையைத் தேர்ந்தெடுங்கள்

கொச்சி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ரயில் நிற்பது எர்ணாகுளத்தில். பார்க்க விரும்பும் டச்சு அரண்மனை, யூதர் தெரு, மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள் எல்லாம் இருப்பது மட்டாஞ்சேரியில். இரண்டுக்கும் நடுவே காயல். காயலுக்கு நடுவே வில்லிங்டன் தீவு. முன்பு பயணிகள் ரயில்கள் அந்தத் தீவிலுள்ள ஹார்பர் டெர்மினஸ் வரை போயின. இப்போது எர்ணாகுளத்தோடு சரி. இந்த அமைப்பு தெரியாமல் அறை பதிவு செய்பவர்கள், வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவில் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே வாடகையை விசாரிப்பதற்கு முன், எந்தக் கரையில் தங்குவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே இரவு தங்கி மறுநாள் ரயிலையோ மூணாறு பஸ்ஸையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு எர்ணாகுளம்தான் வசதி. ஜங்ஷன், டவுன் என்ற இரண்டு ரயில் நிலையங்களைச் சுற்றியும் எம்.ஜி. ரோட்டை ஒட்டியும் பல விலைகளில் லாட்ஜுகள் உண்டு. ஜங்ஷனை சவுத் என்றும் டவுனை நார்த் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு அறை தேடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 1999-ல் திறக்கப்பட்ட விமான நிலையம் இருப்பது நெடும்பாசேரியில், எர்ணாகுளத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில். 'விமான நிலையம் அருகில்' என்று விளம்பரம் செய்யும் மலிவான ஓட்டல், அதிகாலை விமானம் பிடிப்பவருக்கு உதவும். மட்டாஞ்சேரி பார்க்க வந்தவருக்கு உதவாது.

இரண்டு நாளோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால் அக்கரைக்குப் போய்விடுவது நல்லது. அங்கேயும் இரண்டு பகுதிகள். ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகள், கடற்கரை, பழைய ஐரோப்பியக் காலத்து வீடுகள். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் என்பதால் வாடகையும் சாப்பாட்டு விலையும் கூடுதல். அடுத்து ஒட்டியிருக்கும் மட்டாஞ்சேரி வியாபாரிகளின் ஊர். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். தங்கும் அறைகள் குறைவு, ஆனால் கையைக் கடிக்காத விலையில் சைவமும் அசைவமும் கிடைக்கும். கடைத்தெருவைப் பார்த்த அறை மட்டும் வேண்டாம். மூட்டை இறக்கும் லாரிகள் உங்களைத் தூங்க விடாது. உள்தெருவில் இருக்கும் அறையாகக் கேளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்ணாகுளத்தில் அறை ரூ.1,500, அதே தரத்தில் மட்டாஞ்சேரியில் ரூ.2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் படகில் போய் மாலையில் திரும்பும் இளைஞர்களுக்கு எர்ணாகுளம்தான் லாபம். ஆனால் மதியம் ஒரு மணி நேரமாவது படுக்க வேண்டிய பாட்டி கூட வந்திருக்கிறார், குழந்தைக்கு உடை மாற்ற வேண்டும் என்றால் கதை வேறு. சாலை வழியாகப் போனால் ஒரு நடை ஏறக்குறைய 10 கி.மீ. பாலங்களில் நெரிசல் வேறு. இப்படி இரண்டு நடை போனாலே அந்த ரூ.500 கரைந்துவிடும். பாட்டியின் களைப்புக்கு விலை போட முடியாது.

படகுகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குச் சில ரூபாய்களில் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் படகுக்கும் துறைக்கும் இடையே எட்டிக் கால் வைக்க வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஏற்றது. அதன் துறைகள் மிதப்பவை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகோடு சமமாக நிற்கும், சக்கர நாற்காலியும் ஏறும். கேரள உயர் நீதிமன்றம் அருகிலுள்ள முனையத்திலிருந்து 2024-ல் ஃபோர்ட் கொச்சிக்கும், 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் சேவை நீண்டிருக்கிறது. எந்தப் படகானாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதைத் தவறவிட்டால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

அக்கரையில் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றவை ஹோம்ஸ்டேக்கள். வீட்டுக்காரர்கள் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு சில அறைகளை வாடகைக்கு விடும் ஏற்பாடு இது. கேரள சுற்றுலாத் துறை இவற்றை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இணையத்தில் பார்த்த படத்தை நம்பிப் பணம் கட்டிவிடாமல், ஒரு முறை தொலைபேசியில் பேசி இந்த ஐந்து விஷயங்களையும் விசாரித்துவிடுங்கள்:

அறை எந்த மாடியில்? பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை. பெரியவர்கள் இருந்தால் கீழ்த்தளம் வேண்டும்.

ஜன்னல்களில் வலை அடித்திருக்கிறதா? கொச்சியின் கொசு பேர்போனது.

நாள் முழுதும் தண்ணீர் வருமா? மேற்குக் கொச்சிக்குக் குடிநீர்த் தட்டுப்பாடு பழைய வியாதி.

ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, பகல் 12 மணிக்குக் கணக்கு முடியுமா? சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ரயில்கள் எர்ணாகுளம் சேர்வது காலையில். பகல் கணக்கு என்றால் அறைக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது முந்தின நாள் வாடகையும் சேர்த்துத் தர வேண்டும். பெட்டிகளை வைத்துவிட்டுக் குளிக்க இடம் தருவார்களா என்று கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள்.

சொன்ன வாடகையில் வரியும் காலைச் சாப்பாடும் கூடுதல் படுக்கையும் அடக்கமா? 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையுள்ள ஓட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முன்பிருந்த 12 சதவீதத்தை இன்னும் யாராவது போட்டால் பில்லைக் காட்டிக் கேட்கலாம்.

எந்தக் கிழமை போவது என்பதும் செலவைப் பாதிக்கும். 1555-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்த மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள ராமாயண ஓவியங்களைப் பார்க்காமல் திரும்புவது பெரிய நஷ்டம். பக்கத்திலேயே 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது. சனி யூதர்களின் ஓய்வு நாள், அன்று அது திறக்காது. வெள்ளி இரவு கிளம்பி வார இறுதிக்கு வருபவர்கள் சனியன்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கூட ஒரு நாள் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை வந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் கொச்சி கார்னிவல். 31-ம் தேதி நள்ளிரவு பாப்பாஞ்சி பொம்மையை எரிப்பதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 2012-ல் தொடங்கிய பினாலே ஓவியக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளிலும் டிசம்பரிலிருந்து அறைகளுக்குக் கிராக்கிதான். ஜூன், ஜூலை மழையில் வாடகை இறங்கும், பேரம் பேசலாம். ஆனால் முன்பணம் தருவதற்கு முன் அறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள்.

படுக்கை விரிப்பு வெளுப்பாக மொடமொடவென்று இருந்தால் அதில் ஒரு தமிழ்ச் சங்கதியும் இருக்கக்கூடும். ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில், தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய வண்ணார் குடும்பங்கள் இன்னும் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தித் தருகின்றன. இங்குள்ள விடுதிகளும் இவர்களின் வாடிக்கையாளர்கள். காலையில் அந்தப் பக்கம் போனால் கொடிகளில் விரிப்புகள் வரிசையாகக் காய்வதைப் பார்க்கலாம். தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். நல்ல விடுதி எது என்று அவர்களிடம் கேட்டாலும் தப்பில்லை. எந்த வீட்டில் விரிப்பை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போகாது.