ரெண்டு மருந்து, ஒரே கல்லாப்பெட்டி

செம்புக்குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. அந்தச் செம்பே விஷமாகிற ஒரு பரம்பரை வியாதி இருக்கு மக்களே. பேரு வில்சன் நோய். ஏடிபி7பி-ங்கிற மரபணு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதா வந்துட்டா, மிச்சச் செம்பை ஈரலால வெளியேத்த முடியாது. ஈரல்லயும் மூளையிலயும் போய்ப் படியும். ஆயுசு முழுக்க வைத்தியம் பார்க்கணும். மருந்தை நிறுத்தினா உயிருக்கே உலை.

இங்கிலாந்து டாக்டர் ஜான் வால்ஷ் 1956-ல பெனிசிலமைனைக் கொண்டு வந்தார். முதல்ல தானே முழுங்கிப் பார்த்துட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார் மனுஷன்! அது சிலருக்கு ஒத்துக்கலை. அவங்களுக்காக 1969-ல டிரையன்டைன். ஆக, மாற்று மருந்தும் ரெடி. சுபம்?

அதான் இல்லை. அமெரிக்காவுல இந்த ரெண்டு மருந்தோட பிராண்டும் (குப்ரிமின், சிப்ரைன்) 2010-ல வேலியன்ட் கம்பெனி கைக்குப் போச்சு. அப்போ 100 சிப்ரைன் 652 டாலர். 2015-ல 21,267 டாலர். குப்ரிமின் 888-லேர்ந்து 26,189. இது ஒத்துக்கலைன்னா அதுக்கு மாறலாம், ஆனா காசு போறது அதே கல்லாவுக்கு. இதுக்குப் பேரு மாற்றா?

ஆராய்ச்சிச் செலவுன்னு யாராச்சும் ஆரம்பிச்சுடாதீங்க. ஆராய்ச்சி பண்ணது வால்ஷ். கோட்ல ஒரு வரி மாத்தாம லைசென்ஸ் விலையை மட்டும் முப்பது மடங்கு ஏத்தினா நம்ம கிளையன்ட் சும்மா விடுவானா? இன்ஷூரன்ஸ் கட்டுதேங்கிறீங்களா? அது எல்லாரோட பிரீமியத்துலேர்ந்தும்தானே வருது!

துத்தநாகம் இருக்கேன்னும் கேட்கலாம். குடல்லயே செம்பைத் தடுக்கும், நல்ல மருந்துதான். ஆனா மெதுவா வேலை செய்யும். வியாதி முத்தி வந்தவங்களுக்கு அதை மட்டும் கொடுத்துட்டு உட்கார முடியாது. அதோட, எதை மாத்தறதுங்கிறதை டாக்டர் முடிவு பண்ணணும், விலைப்பட்டியல் இல்லை.

2016-ல செனட் விசாரணையில, விலையேத்தறதை நம்பியே மருந்துகளை வாங்கினது தப்புதான்னு அந்தக் கம்பெனித் தலைவர் மைக்கேல் பியர்சன் ஒத்துக்கிட்டார். 2018-ல டேவா கம்பெனி ஜெனரிக் டிரையன்டைன் விட்டுது. விலை? 18,375 டாலர்! திருடன் போய்த் திருடனோட தம்பி வந்த கதை.

சுமார் 30,000 பேருக்கு ஒருத்தருக்குத்தான் இந்த நோய். இவ்வளவு சின்னச் சந்தையில போட்டி தானா வந்து விலையைக் குறைக்கும்னு காத்துக்கிட்டிருக்க முடியாது. காப்புரிமை முடிஞ்ச, ஒருத்தரே விக்கிற உயிர்காக்கும் மருந்துக்கு அரசாங்கம்தான் விலை வரம்பு வைக்கணும். இதைச் சொன்னா கம்யூனிஸ்டுன்னா, சரி, நான் கம்யூனிஸ்டு. இப்ப உங்க வாதத்தைச் சொல்லுங்க.