ஊர் நடுவே ஓர் அமைதி அறை



பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் ஆள் நடமாட்டம் மிகுந்த பகுதி கம்ப்பி. தரைக்கடியில் பேருந்து நிலையமும் மெட்ரோவும், மேலே கடைவளாகமும் இருக்கின்றன. அந்தச் சந்தடியின் ஓரத்தில், நாரின்க்கா சதுக்கத்தில், 2012-இல் ஒரு மௌன ஆலயம் எழுப்பினார்கள். அங்கே திருமணம், ஞானஸ்நானம் போன்ற சடங்குகள் நடப்பதில்லை. எந்த மதத்தவரும், மத நம்பிக்கை இல்லாதவரும் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

கே2எஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ஆலயம் இது. 11.5 மீட்டர் உயரத்துக்கு, வளைந்து எழும் மரச்சுவர்கள். சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை; கூரை விளிம்பிலிருந்து பகல் வெளிச்சம் சுவர் வழியே இறங்குகிறது. ஆலயத்தின் கதவு நேராகச் சதுக்கத்தில் திறப்பதில்லை, ஒரு முன்கூடத்தைக் கடந்தே போகவேண்டும். சத்தத்தைக் கனமான சுவர் தடுத்துவிடும். ஆனால் சிறு இடுக்கு கிடைத்தாலும் சத்தம் உள்ளே வந்துவிடும். ஆகவே அமைதியான அறை கட்டுவோருக்குக் கதவும் ஜன்னலும்தான் முதல் கவலை.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு ஏற்பாடு. திருச்சபையும் மாநகராட்சியின் சமூகநலத் துறையும் சேர்ந்து, மனபாரத்தோடு வருகிறவர்களிடம் பேச அங்கே பணியாளர்களை அமர்த்தின. தனிமை வேண்டியவருக்குத் தனிமை, துணை வேண்டியவருக்குத் துணை!

இனி நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சார்ந்த அமைதி மண்டலங்களில் சத்தம் பகலில் 50, இரவில் 40 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கின்றன. விதி இருந்தும் ஹாரன் ஓயவில்லை. அதை ஓயவைக்கும் முயற்சி தொடரட்டும். கூடவே, ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். உறவினரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வராந்தாவில் நிற்பவரையும், இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தையையும் நினைத்துப் பாருங்கள்.

நம்மால் முடியாததல்ல. 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் வந்தன. அதே அக்கறையோடு அமைதி அறையும் வரலாம். கனமான சுவர், இரட்டைக் கதவு, சில பெஞ்சுகள் போதும். டிவியும் ஒலிபெருக்கியும் வேண்டாம்.

உங்கள் ஊரில் புதிய பேருந்து நிலையமோ மருத்துவமனையோ கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால், வரைபடம் முடிவாகும் முன்பே இந்த அறையைக் கேளுங்கள். வார்டு உறுப்பினரிடம் மனு கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்; வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்