உப்பின் உள்ளமைப்பைக் காணும் உரிமை யாருக்கு?

சமையல் உப்பைப் பொடித்து எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்தால், தாமிரக் கதிரின் 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்திற்கு 31.7 பாகையில் வலிய முகடு எழும். பிராக் விதிப்படி கணக்கிட்டால் அணுத்தளங்களின் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ராம். இளநிலைப் பொருளறிவியல் மாணவர் ஒரே பிற்பகலில் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளின் மாணவர்கள் அந்த முகட்டைப் பாடநூல் படத்தில் மட்டுமே காண்கின்றனர்.

1909இல் தோன்றிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011இல் இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. அங்கே பொருளறிவியலும் உண்டு, கருவிகளும் உண்டு. கடும் போட்டியைத் தாண்டிய சிலருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு, அதே நகரின் அரசுக் கல்லூரியில் பயிலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இது தற்செயல் அல்ல; கொள்கையின் விளைவு. பொதுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை ஜிஎஸ்டியை 2022 ஜூலையில் ஒன்றிய அரசு பறித்தது. பெரும்பாலான கருவிகளுக்கு வரி 18 சதவீதமானது. 2023இல் சட்டமான தேசிய ஆராய்ச்சி நிதியத்திற்கு அறிவித்த 50,000 கோடி ரூபாயில் 36,000 கோடியை அரசுக்கு வெளியே திரட்டப் போகிறார்களாம். முதலாளி தரும் பணம் இளநிலை ஆய்வகத்தைத் தேடி வருமா?

“கணினிப் பாவனை போதுமே” என்பர் சிலர். பாவனையில் முகடு எப்போதும் சரியான இடத்திலேயே நிற்கும். மாதிரியைச் சரியான உயரத்தில் வைக்காவிட்டால் முகடு இடம் பெயரும். துகள்கள் ஒரே திசையில் படிந்தால் முகடுகளின் செறிவு மாறும். பிழையைக் கண்டறிந்து திருத்துவதே அறிவியல் பயிற்சி. கதிர்வீச்சு அபாயம் என்பதும் சாக்குப்போக்கே. கதவைத் திறந்தால் கதிர் தானே நின்றுவிடும் மூடிய மேசைக் கருவிகள் இன்று உள்ளன.

பெங்களூரில் ராமனிடம் பயின்ற ஜி.என்.ராமச்சந்திரன், 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனின் மும்மைச் சுருளமைப்பை எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்தே வெளிக்கொணர்ந்தார். படிகவியல் முன்னோடியும் மார்க்சியருமான ஜே.டி.பெர்னால், அறிவியலின் சமூகக் கடமையை 1939லேயே நூலாக எழுதினார். அக்கடமை வகுப்பறையில் தொடங்குகிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஒரு கருவி. இளநிலை மாணவர்க்குக் கட்டணமற்ற நேரம். இயக்க நிரந்தரப் பணியாளர். ஜிஎஸ்டி சலுகை மீட்பு. இக்கோரிக்கைகளை மாணவர், ஆசிரியர் அமைப்புகளோடு இணைந்து நாம் வீதிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.