சுண்ணத்தின் இருக்கையில் காரீயம்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் விடியற்காலையில் பணிக்குச் செல்லும் தமிழனை நிறுத்தி, "நீ நாள்தோறும் எந்த மாழையோடு பழகுகின்றாய்? அஃது உன் உடலுட் புகுந்தால் என்ன செய்யும்?" என்று வினவினால் அவன் என்ன விடை கூறுவான்? இரும்பு உருக்குவோன் இரும்பு என்பான். பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் உலையின் முன் நிற்பவனோ 'லெட்' என்பான். காரீயம் என்னும் பெயர் அவன் நாவிலிருந்து நழுவிவிட்டது. பெயரையே மறந்தவனுக்கு அதன் நஞ்சு எங்ஙனம் நினைவில் நிற்கும்? இக்கட்டுரை மொழியைப் பற்றியதா, மருத்துவத்தைப் பற்றியதா என்று கேட்பார்க்கு, கும்மிடிப்பூண்டியில் இவ்விரண்டும் வேறு வேறல்ல என்பதே எம் விடை.

காரீயம் செய்யும் தீங்கை அறிய வேண்டுமாயின் முதலில் சுண்ணத்தை அறிதல் வேண்டும். கால்சியம் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கின்றார்களே, அது நம் சுண்ணாம்புக்குள் இருக்கும் மாழையேயாகும். 1808-இல் அதனைப் பிரித்தெடுத்த அம்பிரி தேவி என்னும் ஆங்கில வேதியியலறிஞர், சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் படைத்தார். அவர் தம் பண்டைமொழிச் சொல்லை எடுத்து ஆண்டால் அஃது அறிவியல். நாம் நம் சொல்லை எடுத்துச் 'சுண்ணம்' என்றால் அது பிடிவாதமாம்! பழவேற்காட்டு ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சூளையிட்டுச் சுண்ணாம்பு சுட்ட மக்களின் வழிவந்தோர்க்கு அப்பொருளுக்குப் பெயர் இல்லையென்று கூறுவாரும் உளர்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு விரல்நுனியளவே. மிகுந்தால் நா வெந்துபோம். குறைந்தால் வாய் சிவவாது. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இக்கணக்கை அறியும். வெற்றிலை மெல்லும் பாட்டியினும் பன்மடங்கு நுட்பமாக அறியும். 1880-களில் இலண்டன் மருத்துவர் சிட்னி இரிங்கர், தவளையின் நெஞ்சாங்குலையை உப்புநீரில் வைத்து அதன் துடிப்பை ஆராய்ந்து வந்தார். குழாய்நீரில் உப்பைக் கரைத்தபோது அது நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த தூய நீரில் கரைத்தபோதோ விரைவிலேயே ஓய்ந்தது. குழாய்நீரில் கரைந்திருந்த சுண்ணமே அத்துடிப்பின் கரணியம் என்று 1883-இல் அவர் வெளியிட்டார். என்புக்கு உரம் ஊட்டுவது மட்டுமே சுண்ணத்தின் வேலை என்று எண்ணியிருந்த உலகம், அது நெஞ்சத்தைத் துடிக்க வைக்கும் ஏவலாளும் ஆகும் என்று அன்று கண்டது.

ஏவல் என்றோம். அவ்வேவலைக் கேட்பது யார்? இங்கேதான் வியப்பு தொடங்குகின்றது. ஓய்ந்திருக்கும் உயிரணுவின் உள்ளே உலவும் சுண்ணம், வெளியே உள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. நிறைந்த ஏரிக்குக் கீழே காய்ந்த வயல் கிடப்பது போன்ற நிலை இது. ஒரு நொடி மதகு திறந்தாலும் உள்ளே வெள்ளம் பாயும். அவ்வெள்ளம் தசையைச் சுருக்கும். நரம்பு முனையில் செய்தியை அவிழ்த்துவிடும். ஆனால் பாய்ந்த நீர் வடியாது நின்றுவிட்டால் பயிர் அழுகுவதுபோல் உயிரணுவும் மடிந்துபோம். ஆகவே நீரின் அளவைக் கண்டு மதகைத் திறக்கவும் மூடவும் வல்ல மடைகாப்பான் ஒருவன் வேண்டும். அவ்வேலையைப் பார்ப்பவற்றுள் தலையாயது, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறியப்பட்ட கால்மோடுலின் என்னும் புரதம். அதனை நாம் 'சுண்ணவுணரி' என்போம்.

இச்சுண்ணவுணரி 148 அமினோக்காடிகள் கோத்த சிறு மாலை. இரு முனையிலும் இரண்டு உருண்டைகளும் நடுவே வளையும் தண்டுமாக, உடற்பயிற்சிக் குண்டு போன்றது அதன் தோற்றம். உருண்டைக்கு இரண்டாக நான்கு இருக்கைகள். ஒவ்வோர் இருக்கையும், விரித்த கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவே ஒரு மணியை ஏந்தியிருப்பது போன்ற அமைப்புடையது. சுண்ணம் வந்து அமர்ந்ததும் உருண்டைகள் வாய் திறக்கின்றன. உள்ளே மறைந்து கிடந்த நீரொட்டாப் பகுதி வெளிப்படுகின்றது. அதனைக் கொண்டு அண்டையிலுள்ள நொதியைத் தழுவிப் பிடித்துத் துயிலெழுப்புகின்றது. எழுப்புவதோடும் நில்லாது. சுண்ணத்தை வெளியே இறைத்துக் கொட்டும் ஏற்றத்தை முடுக்கிவிடுவதும் இதுவே. சுண்ணம் நுழையும் வாயில்கள் சிலவற்றை அடைப்பதும் இதுவே. வெள்ளத்தைக் கண்ணுற்றவனே மதகை மூடுகின்றான். ஏற்றத்திற்கும் ஆள் விடுகின்றான். சுண்ணம் வடிந்ததும் இருக்கைகள் காலியாகிச் சுண்ணவுணரி பழைய நிலைக்குத் திரும்பும். கற்றதை மூளையில் நிலைப்பிக்கும் நொதி ஒன்றும் இதன் ஏவலிலேயே இயங்குகின்றது. அஃதாவது, நீவிர் இவ்வரியைப் படித்து நினைவிற் கொள்வதற்கும் சுண்ணம் வேண்டும். அதை அறியும் சுண்ணவுணரியும் வேண்டும்.

இதன் மூவளவை வடிவம் 1985-இல் வெளியாயிற்று. இத்தகைய புரத வடிவங்கள் பொருந்துவனவா என்று சரிபார்க்க உலகமெங்கும் இன்றும் கையாளும் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகிய மூவரும் ஆக்கியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து இருப்பூர்தி ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் எட்டிவிடும் ஊரில் பிறந்த அறிவு அது. அவ்வறிவு உலகைச் சுற்றி வந்துவிட்டது. உலையின் முன் நிற்பவனிடம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இனிக் காரீயத்திற்கு வருவோம். நம் முன்னோர் காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு எனப் பிரித்தே வைத்தனர். சாற்றுக்கு மணம் கூட்டும் ஈயச்சொம்பு வெள்ளீயம். மின்கலத்துள் கந்தகக்காடியில் மூழ்கிக் கிடப்பது காரீயம். 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்லி இரண்டையும் குழப்புவது இக்காலத்துச் சோம்பல். உடலுட் புகுந்த காரீயம் சுண்ணத்தைப் போலவே இரண்டு நேர்மின் ஏற்றம் உடையது; உருவில் சற்றே பெரிது. இவ்வொப்புமையே அதன் கள்ளத்தனத்திற்குக் கருவி. சுண்ணவுணரியின் இருக்கையில் சுண்ணத்தினும் இறுகப் பற்றி அமர்ந்துகொள்கின்றது. வெள்ளமே வராதபோது மடைகாப்பானை எழுப்பிக் கூச்சலிட வைக்கின்றது. மிகுந்துவிட்டாலோ அவன் பணியையே குலைக்கின்றது. நரம்பு முனையில் சுண்ணம் நுழையும் வாயில்களையும் அடைக்கின்றது. தமிழ்ச்சொல்லின் இருக்கையில் அயற்சொல் வந்தமர்ந்து, பின் தானே வீட்டுக்குரியவன் போல் உரிமை பேசிய கதையை அறிந்த நம்மவர்க்கு இவ்வகைப் புகுதல் புதிதன்று.

பெரியவர் உடலில் தங்கும் காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்கு என்பிலே சேர்ந்து பல பத்தாண்டுகள் கிடக்கும். அங்கும் அது பிடித்திருப்பது சுண்ணத்தின் இடத்தையே. கருவுற்ற தாயின் என்பு தன் சேய்க்குச் சுண்ணத்தை ஈயும் வேளையில், உடன் கிடக்கும் காரீயத்தையும் ஈந்துவிடுகின்றது. தாய்மையையே நஞ்சு கடத்தும் வழியாக்கும் மாழை இது.

நம் குழந்தைகளின் நிலை என்ன? சென்னைப் பள்ளிகளில் பயிலும் 3 முதல் 7 அகவை வரையுள்ள 756 குழந்தைகளின் குருதியை ஆராய்ந்து 2009-இல் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. நூறு மில்லிலிட்டர் குருதியில் நிரவலாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. காரீயம் கூடிய குழந்தைகளிடம் கருத்தூன்றாமையும் மிகுந்திருந்ததை அவர்தம் ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டிற்று. அமெரிக்காவில் இன்று ஒரு குழந்தையின் குருதியில் 3.5 இருந்தாலே மருத்துவர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது வரையறை. தீங்கற்ற அளவு என ஒன்றுமே அறியப்படவில்லை என்கின்றது உலக நலவாழ்வு நிறுவனம். கன்னெய்யில் காரீயம் கலப்பதை இந்தியா 2000-இல் நிறுத்திவிட்டது. உந்துகளின் புகைவழி வந்த காரீயம் அதனால் குறைந்தது. ஆயினும் அவ்வுந்துகளின் மின்கலங்கள் எங்கோ உடைபட்டு எங்கோ உருகத்தான் வேண்டும். உருகும் இடங்களுள் ஒன்று நம் கும்மிடிப்பூண்டி. நகர்க் குழந்தைக்கே அந்நிலையெனில், தந்தையின் சட்டையில் ஒட்டி வந்த துகளை வீட்டுத் திண்ணையிலேயே உட்கொள்ளும் குழந்தையின் குருதியை அளந்து பார்க்க வேண்டாவா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது காரீய நஞ்சே. ஆலைகளில் வைக்கும் அறிவிப்புகள் தொழிலாளருள் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டமே கூறிற்று. அதன் இடத்தில் 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொகுப்புச் சட்டமும் காரீய நஞ்சைப் பட்டியலில் வைத்தே உள்ளது. மின்கலக் கழிவு பற்றி 2001-இலும் 2022-இலும் விதிகள் வந்தன. தாளில் குறைவில்லை. ஆனால் 'லெட் பாய்சனிங்' என்று தமிழெழுத்தில் ஒலிபெயர்த்து எழுதிவிட்டு அதனைத் தமிழ் அறிவிப்பு என்று கணக்குக் காட்டுவார்களாயின், அது சட்டத்தை ஏய்ப்பதேயாகும். எழுத்து தமிழாய் இருந்து பொருள் விளங்காவிடில் யாருக்கு என்ன பயன்?

வடபுலத்திலிருந்து வந்து அவ்வுலைகளில் வேகும் தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். அவரை நாம் பகைவராக எண்ணவில்லை. குறைந்த கூலிக்கு வாயில்லாத ஆளைத் தேடும் முதலாளியே அவரை அங்கு நிறுத்துகின்றான். அவருக்கு அறிவிப்பு ஒடியாவிலும் போச்புரியிலும் இருக்கட்டும். எல்லாருக்கும் இந்தியில் ஒரு பலகை போதும் என்பது அவருக்கும் இழைக்கும் தீங்கே. அவர்தம் தாய்மொழியும் இந்தியன்று.

அறிந்தால் செய்யத்தக்கன பல. உலைக்களத்து உடையை அங்கேயே களைந்து குளித்துவிட்டு வீடு திரும்ப இடம் வேண்டும். கைகழுவாது சோறு தொடலாகாது. உலையருகே வெற்றிலையும் புகையிலையும் கூடா. உடலில் சுண்ணம் குறைந்தவர் குடல் காரீயத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதால் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் அக்குடும்பங்களின் உணவில் நாளும் இருத்தல் நன்று. புகுந்துவிட்ட நஞ்சை அவை போக்கமாட்டா; புகும் அளவைக் குறைக்கும், அவ்வளவே. கூழைக் குடித்துவிட்டுப் புகைக்குள் நில் என்று முதலாளி கைகழுவிவிட இது வழியாகிவிடக் கூடாது. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, குருதிச்சோகை, ஈறில் கருநீலக் கோடு, மணிக்கட்டு துவண்டு தொங்குதல் ஆகியவற்றைக் கண்டால் குருதியை அளந்தே தீரவேண்டும்.

அங்ஙனம் அளந்த தாள் இன்று யார் கையில் இருக்கின்றது? திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. உலைத் தொழிலாளிக்கும் அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் குருதி ஆய்வு செய்க. அதன் முடிவைக் 'காரீயம்' என்னும் சொல்லோடும், அதன் அளவோடும், அவ்வளவு என்ன தீங்கு செய்யும் என்ற இரண்டு வரித் தமிழோடும் எழுதி, ஆலையின் பெட்டியில் பூட்டாது அவன் கையிலேயே கொடுக்க.