முதலில் எடை, பிறகு பலகை

பிக்கப் வாகனத்தின் பின்பெட்டியில் சொந்தமாக ஒரு சிறிய அறை கட்டி, அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து ஊர் சுற்றுவது இன்று பல இளைஞர்களின் ஆசை. அத்தகைய காணொளிகளைக் கைப்பேசியில் பார்க்காத மாணவர்கள் குறைவு. பத்து நிமிடத்தில் பலகை வெட்டப்படுகிறது, சாயம் பூசப்படுகிறது, மாலையில் கடற்கரையில் காப்பி கொதிக்கிறது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் யாரும் ஒருமுறைகூடத் தராசைத் தொடவில்லை. என் குறை அதுதான்.

ஆசை புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் அறை பொருத்தச் செய்து, தம் நாய் சார்லியுடன் நாட்டைச் சுற்றிவந்தார். டான் குயிக்ஸாட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை அந்த வண்டிக்குச் சூட்டினார். பயணம் 1962இல் நூலாக வந்தது. அவர் பணம் கொடுத்துச் செய்வித்துக்கொண்டார். நான் பேசுவது, வீட்டு முற்றத்தில் நாமே செய்வதைப் பற்றி.

என் மாமா எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்தியவர். இருபத்தைந்து ஆண்டுகள் லாரி ஓட்டினார். இடையிடையே பட்டறையில் வெல்டிங் வேலை. குவா மூசாங், கோலத் திரங்கானு, கேமரன் மலை எல்லாம் அவர் கடந்துபோன ஊர்கள். எங்கும் இறங்கி நின்று பார்த்ததில்லை. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! இப்போது தம் பழைய ஹைலக்ஸின் மேல் ஓர் அறை கட்டி, அத்தையோடு அந்த ஊர்களுக்கெல்லாம் போக வேண்டும் என்கிறார். நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறையில் கணக்கு என்னுடையது, கைவேலை அவருடையது என்று பிரித்துக்கொண்டோம். அந்தப் பாகப்பிரிவினை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஹைலக்ஸ் போன்ற வண்டிகளை ‘ஒரு டன் பிக்கப்’ என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயரை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அவ்வளவுதான் நமக்கு உரியது. வண்டிக்கு வண்டி அது மாறும். அதில் பெட்டி மட்டுமல்ல, ஆட்களும் அடக்கம். மாமாவும் அத்தையும் சேர்ந்து 150 கிலோ என்று எழுதிக்கொண்டேன். (இந்தப் பத்தியை அத்தை படிக்காமலிருந்தால் நல்லது.) எட்டுக்கு நான்கு அடி, 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று சுமார் 20 கிலோ. பத்துப் பலகைக்கு 200 கிலோ. இன்னும் மெத்தை, அடுப்பு, பேட்டரி எதுவும் ஏறவில்லை. 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. அதில் பேரம் பேச வழியே இல்லை.

ஆகவே சுவருக்குப் பலகையை விட்டு நுரைத் தகட்டுக்கு மாறினோம். அதே அளவுள்ள, 25 மில்லிமீட்டர் தடிமனான கெட்டிப் பாலிஸ்டைரீன் தகடு இரண்டு மூன்று கிலோதான். அதன் இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டினால், இழுவையையும் அழுத்தத்தையும் தோல்கள் தாங்கும். நடுவிலுள்ள நுரை அத்தோல்களை விலக்கிப் பிடித்திருக்கும். ஐ வடிவ இரும்பு உத்திரம் வேலை செய்வதும் இப்படித்தான். எந்த ரெசின் என்பதில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் உண்டு. அது பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். எப்பாக்சிதான் சரி. இதை நான் வேதியியல் பாடத்திலிருந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமா ஒரு துண்டு நுரையில் சொட்டு விட்டுப் பார்த்து முடித்திருந்தார். “எதையும் மொதல்ல துண்டுல பாத்துரணும்மா” என்றார்.

எவ்வளவு எடை என்பதைப்போலவே எங்கே எடை என்பதும் முக்கியம். காணொளிகளில் சமையல் மேடை பெரும்பாலும் பின்கதவருகே இருக்கும், பார்க்க அழகுதான். ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3.085 மீட்டர். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின் அச்சின் மேல் 132 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 32 கிலோ குறையும். முன்சக்கரத்தில் எடை குறைந்தால், வண்டியைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் சாலையில் உள்ள பிடிமானமும் குறையும். படிவம் 2 அறிவியலில் துலாக்கோலை வைத்துப் படித்த திருப்புவிசைதான் இது. தாளில் போட்டுக் காட்டியபோது மாமா பாதியிலேயே, “பின்னால ஏத்துனா ஸ்டீரிங் லேசாயிடும், மழையில வண்டி பேச்சுக் கேக்காது” என்றார். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக வந்தன. சமையல் மேடை பக்கவாட்டுக்குப் போயிற்று.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; இங்கே விலை உயிர். மூடிய சின்ன அறையில் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளை இருக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும், அறைக்கு மேலேயும் கீழேயும் காற்றுவழி வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். எங்கள் வண்டியில் அடுப்பு வெளியே இழுத்து எரிக்கும்படிதான் அமைகிறது. கேமரன் மலையின் குளிர்ந்த இரவில் கதவு சன்னலை இறுக மூடிப் படுத்தால் இருவரின் மூச்சு ஈரமே சுவரில் வியர்த்து நிற்கும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும்.

குளிர்சாதனம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1,200 வாட்-மணி இருக்கும். 30 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓட 240 போதும். 500 வாட் குளிர்சாதனமோ அதே நேரத்தில் 4,000 கேட்கும். விசிறியே துணை.

சட்டமும் உண்டு. வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். முதல் வெட்டுக்கு முன்பே வரைபடத்தோடு போய்க் கேட்பதும், காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிப்பதும் பெட்டி முடிந்தபின் அலைவதைவிட மலிவு.

இவ்வளவுக்கும் நடுவே எனக்கு உறுத்தியது வேறொன்று. “பொறியியல் படிக்கிற பிள்ளை ஏன் இந்தத் தூசியில நிக்குது?” என்று அண்டை வீட்டார் மூன்று பேர் கேட்டார்கள். மாமாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை. தூசி அவருக்கு உரியது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எஸ்பிஎம் முடிவு வரும் நாள்களில் தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசும் வீடுகளை நாம் அறிவோம். பள்ளியிலும் வாழ்வியல் திறன் பாடம் போய், 2017இலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்திருக்கிறது. வரைவதும் திட்டமிடுவதும் நல்லவையே. ஆனால் வரைந்ததைச் செய்து, செய்ததை எடைபோட்டுப் பார்க்கும் வரை அது பாதிப் பாடம்தான் என்பது என் கருத்து.

பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் விழா நடத்துகின்றன. ஒரு விடுமுறையில் விழாவுக்குப் பதிலாக ஒரு பட்டறை நடத்தலாம். பெரிய அறை வேண்டாம், ஒரு சிறிய இழுவண்டிக்கான பெட்டி போதும். நம் ஊர் வெல்டிங்காரர் ஒருவரை ஆசிரியராக அழைக்க வேண்டும். மாலையும் பொன்னாடையும் போதா. பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்க வேண்டும். கணக்குப் போடும் மாணவர் அவர் பக்கத்தில் நின்று சுத்தியலும் பிடிக்க வேண்டும்.

அடுத்த மாதம் எங்கள் வண்டி பழைய இரும்புக் கடையின் எடைமேடை ஏறுகிறது. முதலில் முன்சக்கரங்கள் மட்டும், பிறகு முழு வண்டி. கழித்தால் பின் அச்சின் எடை கிடைத்துவிடும். பெட்டி எத்தனை கிலோ வரும் என்று மாமா தூக்கிப் பார்த்தே ஓர் எண்ணைச் சுவரில் எழுதிவிட்டார். நான் கணக்கிட்ட எண்ணைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் 18 கிலோ வித்தியாசம்.